கேள்வி பதில்: ஒரு புள்ளிக்குப் பின்னால் எத்தனை குவெரி?

ஜாங்கோ மாதிரி வெப் ஃபிரேம்வொர்க்குகளில் ஒரு மாடலிலிருந்து (டேட்டாபேஸின் ஒரு டேபிளைக் குறிக்கும் கிளாஸ்) அதோடு தொடர்புள்ள இன்னொரு மாடலின் ரெக்கார்டுகளை எப்படி எடுப்பது, எடுத்தால் பக்கம் ஏன் மெதுவாகிறது, கூட்டினால் எண் ஏன் தப்பாக வருகிறது என்று தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அதனால் இந்த இதழில் அதை மட்டுமே எடுத்துக்கொண்டேன். மாடல், ஃபீல்டு பெயர்களை நூல், ஆசிரியர் என்று தமிழில் வைத்திருக்கிறேன், மெத்தடுகளின் பெயரை ஒலிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். உங்கள் கோடில் அவற்றை வழக்கம்போல எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜாங்கோவில் ஒரு கட்டுரைத் தளம் செய்திருக்கிறேன். முகப்புப் பக்கத்தில் 50 கட்டுரைகளின் தலைப்பு, எழுதியவர் பெயர், குறிச்சொற்கள் வரும். லேப்டாப்பில் உடனே வந்துவிடுகிறது. சர்வரில் ஏற்றியதும் சில வினாடிகள் எடுக்கிறது. வியூவில் நான் எழுதியிருப்பது ஒரே ஒரு குவெரிதான். பெரிய சர்வருக்கு மாறிவிடலாமா?
(புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு வாசகி)

பதில்: சர்வரை மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியது ஒரு குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி. ஓடுவது 101.

எப்படி என்று பாருங்கள். வியூவில் (பக்கத்துக்கு வேண்டிய டேட்டாவைத் தயாரிக்கும் கோடு) கட்டுரை.ஆப்ஜெக்ட்ஸ்.ஆல்() என்று எழுதிய இடத்தில் டேட்டாபேஸுக்கு எதுவுமே போவதில்லை. குவெரிசெட் என்பது இன்னும் கேட்கப்படாத கேள்வி, அவ்வளவுதான். டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் வடிவத்தை எழுதும் ஃபைல்) ஃபார் லூப் அதைச் சுற்ற ஆரம்பிக்கும்போதுதான் முதல் குவெரி போய் 50 கட்டுரைகள் வருகின்றன. அதுவரை சரி. அப்புறம் லூப்புக்குள் கட்டுரை.எழுதியவர்.பெயர் என்று கேட்கிறீர்கள். கட்டுரையின் ரெக்கார்டில் எழுதியவர் இல்லை, எழுதியவர்_ஐடி என்ற ஒரு எண் மட்டும்தான் இருக்கிறது, ஆகவே ஜாங்கோ அந்த எண்ணை எடுத்துக்கொண்டு எழுதியவர் டேபிளுக்குப் போய் ஒரு ஆளைக் கொண்டுவருகிறது. ஒரு கட்டுரைக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஐம்பது. அந்த ஐம்பதில் முப்பதை ஒரே ஆள் எழுதியிருந்தாலும் முப்பது தடவையும் போகும், ஏனென்றால் கொண்டுவந்த ஆளை அந்தந்தக் கட்டுரை ஆப்ஜெக்ட் தனக்குள் மட்டுமே வைத்துக்கொள்கிறது, பக்கத்துக் கட்டுரைக்குச் சொல்வதில்லை. அதற்கடுத்த வரியில் குறிச்சொற்கள், அதற்கு இன்னொரு ஐம்பது. மொத்தம் 1 + 50 + 50. இதைத்தான் என் பிளஸ் ஒன் (N+1) சிக்கல் என்கிறார்கள்.

லேப்டாப்பில் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் எஸ்க்யூலைட்தான் ஓடும், அதே கணினியில் உள்ள ஒரு ஃபைலைப் படிப்பதற்கு நெட்வொர்க் பயணமே கிடையாது. சர்வரில் டேட்டாபேஸ் வேறு கணினியில் இருக்கும். ஒரு முறை போய்வர 20 மில்லிசெகண்டு என்று வைத்துக்கொண்டாலும் 101 முறைக்கு இரண்டு வினாடி போய்விடுகிறது. இதில் டேட்டாபேஸ் வேலை செய்த நேரம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் போய்வர நடந்த நேரம். எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் அந்த நடை குறையாது.

தீர்வு ஒரு வரிதான்: கட்டுரை.ஆப்ஜெக்ட்ஸ்.செலக்ட்_ரிலேட்டட்("எழுதியவர்").பிரீஃபெட்ச்_ரிலேட்டட்("குறிச்சொற்கள்"). இப்போது ஓடுவது இரண்டே குவெரி. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தெரிந்தாலும் செய்கிற விதம் வேறு. செலக்ட்_ரிலேட்டட், டேட்டாபேஸின் மொழியான எஸ்க்யூஎல்லில் ஜாயின் போட்டு, அதாவது இரண்டு டேபிளையும் பொருந்தும் ஐடி வழியாக ஒட்டி, கட்டுரையையும் எழுதியவரையும் ஒரே குவெரியில் அள்ளிக்கொண்டு வருகிறது. அது ஃபாரின் கீ (எழுதியவர்_ஐடி போல இன்னொரு டேபிளின் ஐடியை வைத்திருக்கும் ஃபீல்டு), ஒன்-டு-ஒன் மாதிரி மறுபக்கத்தில் ஒரே ஒரு ரெக்கார்டு இருக்கக்கூடிய உறவுக்கு மட்டும்தான். மறுபக்கத்தில் பல ரெக்கார்டுகள் இருக்கிற இடத்தில், அதாவது மெனி-டு-மெனிக்கோ ஃபாரின் கீயின் தலைகீழ்ப் பக்கத்துக்கோ அதைக் கொடுத்தால் எரர் வரும். அங்கே பிரீஃபெட்ச்_ரிலேட்டட். அது 2012இல் வெளியான ஜாங்கோ 1.4இல் வந்தது. முதல் குவெரியில் வந்த 50 கட்டுரைகளின் ஐடிகளையும் ஒரு இன் (IN) நிபந்தனைக்குள் போட்டு, அவற்றின் குறிச்சொற்களையெல்லாம் இரண்டாவது குவெரியில் மொத்தமாக எடுத்து, எது எந்தக் கட்டுரைக்குச் சேரும் என்பதைப் பைதான் பக்கத்திலேயே பிரித்துக் கொடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பெயர் எதுவும் கொடுக்காமல் செலக்ட்_ரிலேட்டட்() என்று வெறுமனே எழுதாதீர்கள். காலியாக இருக்கலாம் என்று அனுமதித்த ஃபாரின் கீகளை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பின்தொடர்ந்து போய்த் தேவையில்லாத டேபிள்களையும் ஜாயின் பண்ணிக்கொண்டு வரும், நாளைக்கு யாராவது மாடலில் ஒரு ஃபாரின் கீ சேர்த்தால் அதுவும் சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும். தேவையானதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். எழுதியவரின் எண் மட்டும் போதும் என்றால் கட்டுரை.எழுதியவர்.ஐடி என்று எழுதாமல் கட்டுரை.எழுதியவர்_ஐடி என்றே எழுதிவிடுங்கள், அது ஏற்கெனவே கையில் இருக்கிற எண், அதற்காகக் குவெரி போகாது.

இதையெல்லாம் நான் சொன்னேன் என்று நம்பவும் வேண்டாம். ஜாங்கோ டீபக் டூல்பாரை இன்ஸ்டால் பண்ணி, எஸ்க்யூஎல் பேனலைத் திறந்துவைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தை ஒரு தடவை ரீலோட் பண்ணுங்கள். ஒரே மாதிரி குவெரி ஐடி மட்டும் மாறி மாறி வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டால் அது மறக்காது. டூல்பார் வைக்க முடியாத இடத்தில், டீபக் ட்ரூவாக இருந்தால், கனெக்‌ஷன்.குவெரிஸ் என்ற லிஸ்டில் ஓடிய குவெரிகள் சேர்ந்திருக்கும், அதை பிரின்ட் பண்ணினாலே போதும்.

கேள்வி: பிரீஃபெட்ச் போட்ட பிறகும் குவெரி குறையவில்லை, சொல்லப்போனால் ஒன்று கூடியிருக்கிறது. கட்டுரைகளின் கீழே அனுமதி பெற்ற கருத்துகளை மட்டும் காட்டுகிறேன், அவ்வளவுதான்.
(ஃப்ரீலான்ஸராக வேலை செய்யும் வாசகர்)

பதில்: நீங்கள் இணைத்திருந்த கோடில் லூப்புக்குள் கட்டுரை.கருத்துகள்.ஃபில்டர்(அனுமதி=ட்ரூ) என்று இருக்கிறது. சிக்கல் அந்த ஃபில்டர்தான். பிரீஃபெட்ச் எடுத்துவைத்தது "இந்தக் கட்டுரையின் எல்லாக் கருத்துகளும்" என்ற பதிலை. நீங்கள் ஃபில்டர் போட்டதும் அது வேறு கேள்வி ஆகிவிடுகிறது, ஜாங்கோ கையிலிருப்பதைச் சலித்துக் கொடுக்க முயற்சி பண்ணாது, நேரே டேட்டாபேஸுக்குத்தான் போகும். ஆர்டர்_பை போட்டாலும் இதே கதைதான். ஆக முன்பு ஓடிய குவெரிகள் அப்படியே ஓடுகின்றன, யாரும் தொடாத பிரீஃபெட்ச் ஒன்று மேலே சேர்ந்திருக்கிறது. அந்த ஒன்று கூடியதற்குக் கணக்கு இதுதான்.

ஃபில்டரை லூப்பிலிருந்து எடுத்து பிரீஃபெட்சுக்குள்ளேயே வையுங்கள். அதற்காகவே ஜாங்கோ 1.7இல் பிரீஃபெட்ச் என்று தனி ஆப்ஜெக்ட் கொடுத்தார்கள்: பிரீஃபெட்ச்("கருத்துகள்", குவெரிசெட்=கருத்து.ஆப்ஜெக்ட்ஸ்.ஃபில்டர்(அனுமதி=ட்ரூ).செலக்ட்_ரிலேட்டட்("வாசகர்"), டு_ஆட்ர்="காட்டும்_கருத்துகள்"). இதை பிரீஃபெட்ச்_ரிலேட்டடுக்குக் கொடுத்துவிட்டு, டெம்ப்ளேட்டில் கட்டுரை.காட்டும்_கருத்துகள் என்று சுற்றுங்கள். அது சாதாரணப் பைதான் லிஸ்ட், பின்னால் ஆல் வேண்டாம். உள்ளே செலக்ட்_ரிலேட்டட் போட்டிருப்பதையும் கவனியுங்கள், கருத்து எழுதியவரின் பெயரையும் காட்டுவீர்கள் அல்லவா, இல்லாவிட்டால் அங்கே இன்னொரு என் பிளஸ் ஒன் தொடங்கும்.

டு_ஆட்ர் கொடுக்காமலும் இது வேலை செய்யும், ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம். கொடுக்காவிட்டால் கட்டுரை.கருத்துகள்.ஆல்() என்பதே சலித்த பட்டியலைத் திருப்பித் தரும். அந்த ஆப்ஜெக்ட் நாலு ஃபங்ஷன் தாண்டிப் போன பிறகு வேறொருவர் ஆல் என்பதை நம்பி மொத்தக் கருத்துகளையும் எண்ணுவார், எண் குறையும், காரணம் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

"ஒவ்வொரு கட்டுரைக்கும் கடைசி மூன்று கருத்துகள் மட்டும்" என்ற தேவை வந்தால், 2023இல் வந்த 4.2 முதல் அந்தக் குவெரிசெட்டை வரிசைப்படுத்தி ஸ்லைஸ் பண்ணியே கொடுக்கலாம். அதற்கு முந்தைய வெர்ஷன்களில் ஸ்லைஸ் பண்ணினால் எரர்தான்.

கேள்வி: ஆசிரியர்.நூல்_செட்.ஆல்() வேலை செய்கிறது. ஆனால் ஃபில்டர்(நூல்_செட்__ஆண்டு=2020) என்றால் அப்படி ஒரு ஃபீல்டே இல்லை என்கிறது. ஏன்?
(கல்லூரி மாணவர்)

பதில்: தலைகீழ் உறவுக்கு ஜாங்கோ தானாக இரண்டு பெயர் வைக்கிறது. ஆப்ஜெக்டிலிருந்து போகும்போது நூல்_செட், ஃபில்டருக்குள் வெறும் நூல். ஃபாரின் கீ எழுதும் இடத்திலேயே ரிலேட்டட்_நேம்="நூல்கள்" என்று கொடுத்துவிட்டால் இரண்டு இடத்திலும் நூல்கள்தான், குழப்பம் தீர்ந்தது. எழுதியவர், மொழிபெயர்த்தவர் என்று ஒரே மாடலுக்கு இரண்டு ஃபாரின் கீ வைத்திருந்தால் இரண்டுக்கும் ஒரே தானியங்கிப் பெயர் வந்து மோதும், அப்போது ரிலேட்டட்_நேம் கொடுக்காமல் மைக்ரேஷனே ஓடாது. முதல் நாளிலிருந்தே எல்லா ஃபாரின் கீக்கும் பெயர் கொடுத்துப் பழகுங்கள்.

கேள்வி: 2020இல் கவிதை நூல் வெளியிட்ட ஆசிரியர்கள் மட்டும் வேண்டும். ஆசிரியர்.ஆப்ஜெக்ட்ஸ்.ஃபில்டர்(நூல்கள்__ஆண்டு=2020).ஃபில்டர்(நூல்கள்__வகை="கவிதை") என்று எழுதினேன். 2020இல் நாவல் மட்டுமே எழுதியவரும் பட்டியலில் இருக்கிறார். சிலர் பெயர் இரண்டு மூன்று தடவை வருகிறது. ஜாங்கோவில் பிழையா?
(ஒரு வாசகி)

பதில்: பிழை இல்லை. ஜாங்கோவின் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிற நடத்தைதான், ஆனால் அதைப் படிக்காமல் யாரும் ஊகிக்க முடியாது என்பதும் உண்மை. ஒரே மாடலின் ஃபீல்டுகளை வைத்து ஃபில்டர் பண்ணும்போது இரண்டு நிபந்தனைகளையும் ஒரே ஃபில்டருக்குள் போட்டாலும் இரண்டு ஃபில்டராக அடுக்கினாலும் பதில் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அடுக்கிவிடுகிறோம். பல ரெக்கார்டுகள் இருக்கிற பக்கத்துக்குப் போகும்போது கதை மாறுகிறது.

ஒரு ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு நூல்கள்: 2015இல் ஒரு கவிதைத் தொகுப்பு, 2020இல் ஒரு நாவல். நீங்கள் அடுக்கிய ஒவ்வொரு ஃபில்டரும் நூல் டேபிளைத் தனித்தனியாக ஜாயின் பண்ணுகிறது. முதல் ஜாயின் "2020இல் ஏதாவது நூல் இருக்கிறதா" என்று கேட்கிறது, நாவல் இருக்கிறது. இரண்டாவது ஜாயின் "கவிதை நூல் ஏதாவது இருக்கிறதா" என்று கேட்கிறது, 2015 தொகுப்பு இருக்கிறது. இரண்டுக்கும் ஆமாம், ஆகவே ஆள் உள்ளே வந்துவிடுகிறார். இரண்டும் ஒரே நூலாக இருக்க வேண்டும் என்று நீங்கள் எங்குமே சொல்லவில்லை. ஃபில்டர்(நூல்கள்__ஆண்டு=2020, நூல்கள்__வகை="கவிதை") என்று ஒரே அடைப்புக்குள் சொன்னால் ஒரே ஒரு ஜாயின்தான், இரண்டு நிபந்தனையும் ஒரே நூலின் மேல் விழும், அவர் வெளியே போய்விடுவார். நம்பிக்கை வர வேண்டுமானால் இரண்டு குவெரிசெட்டின் .குவெரி என்பதையும் பிரின்ட் பண்ணிப் பாருங்கள், அடுக்கியதில் நூல் டேபிள் இரண்டு தடவை வரும்.

பெயர் திரும்பத் திரும்ப வருவதும் இதே ஜாயினால்தான். ஒருவர் 2020இல் இரண்டு கவிதை நூல் வெளியிட்டிருந்தால் சரியாக எழுதிய குவெரியிலும் அவர் இரண்டு வரிசையாக வருவார். நீங்கள் எழுதிய விதத்தில், 2020இல் மூன்று நூலும் மொத்தத்தில் இரண்டு கவிதை நூலும் உள்ளவர் ஆறு தடவை வருவார். உடனே எல்லாரும் டிஸ்டிங்க்ட்() போட்டுவிடுவார்கள், பட்டியல் ஒழுங்காகிவிடும். நான் அதை விரும்புவதில்லை. வேண்டாத வரிசைகளை உண்டாக்கிவிட்டு அப்புறம் அவற்றை நீக்கச் சொல்கிறோம், டேட்டாபேஸுக்கு இரட்டை வேலை. உங்கள் கேள்வி "அப்படி ஒரு நூல் இருக்கிறதா, இல்லையா" என்பது. அதைக் கேட்பதற்கென்றே எக்ஸிஸ்ட்ஸ் இருக்கிறது: ஃபில்டர்(எக்ஸிஸ்ட்ஸ்(நூல்.ஆப்ஜெக்ட்ஸ்.ஃபில்டர்(ஆசிரியர்=அவுட்டர்ரெஃப்("பிகே"), ஆண்டு=2020, வகை="கவிதை"))). அவுட்டர்ரெஃப் என்பது "வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் ஆசிரியரின் ஐடி" என்று அர்த்தம். ஜாயின் இல்லை, நகல் இல்லை, பொருந்துகிற முதல் நூல் கிடைத்ததும் அந்த ஆசிரியர் விஷயம் முடிந்தது. இவை 1.11இல் வந்தன. எக்ஸிஸ்ட்ஸை நேராக ஃபில்டருக்குள் வைக்க ஜாங்கோ 3.0 வேண்டும்.

எக்ஸ்க்ளூடில் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். எக்ஸ்க்ளூட்(நூல்கள்__ஆண்டு=2020, நூல்கள்__வகை="கவிதை") என்று ஒரே அடைப்புக்குள் எழுதினாலும் அது ஒரே நூலைப் பற்றிய கேள்வி ஆகாது. நாம் மேலே பார்த்த அதே ஆள், 2020இல் கவிதையே எழுதாதவர், இதில் நீக்கப்பட்டுவிடுவார். ஃபில்டருக்கு நேர் எதிர் எக்ஸ்க்ளூட் என்று நினைத்துத்தான் எழுதுவோம், பல ரெக்கார்டு உறவில் அது அப்படி இல்லை. எக்ஸிஸ்ட்ஸுக்கு முன்னால் ஒரு டில்டே (~) குறி போட்டால் நீங்கள் நினைத்த "இல்லை" கிடைக்கும்.

கேள்வி: ஒரு பில்லில் பல பொருட்கள், ஒரு பில்லுக்குப் பல தவணையில் கட்டணம். பில்.ஆப்ஜெக்ட்ஸ்.அன்னொடேட்(எண்ணிக்கை=கவுன்ட்("பொருட்கள்"), கட்டியது=சம்("கட்டணங்கள்__தொகை")) என்று எழுதியிருந்தோம். சில பில்களுக்குச் சரியாக வருகிறது, சிலவற்றுக்குக் கட்டியதைவிட அதிகமாகக் காட்டுகிறது. டேட்டா சரியாகத்தான் இருக்கிறது, நானே டேபிளைத் திறந்து பார்த்துவிட்டேன்.
(கணக்கு மென்பொருள் எழுதும் வாசகர்)

பதில்: இந்தக் கடிதத்துக்கு நன்றி. பக்கம் மெதுவாக இருந்தால் யாராவது குறை சொல்வார்கள், தொகை தப்பாக இருந்தால் அது அப்படியே அறிக்கையில் ஏறிவிடும், எரரும் வராது. நான் பார்த்தவரை உறவுகளில் இதைவிட ஆபத்தான இடம் இல்லை, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு பில்லில் மூன்று பொருட்கள். அதற்கு 500, 500 என்று இரண்டு தவணை கட்டியிருக்கிறார்கள், மொத்தம் 1000. நீங்கள் அன்னொடேட்டில் (ஒவ்வொரு பில்லோடும் கணக்கிட்ட எண்ணை ஒட்டித் தரும் மெத்தடு) இரண்டு உறவைச் சொன்னதும் ஜாங்கோ பில்லோடு பொருளையும் கட்டணத்தையும் ஜாயின் பண்ணுகிறது. பொருளுக்கும் கட்டணத்துக்கும் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லை, ஆகவே ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு கட்டணத்தோடும் சேர்ந்து மூன்று பெருக்கல் இரண்டு, ஆறு வரிசைகள் உருவாகின்றன. இப்போது எண்ணினால் பொருட்கள் ஆறு. கூட்டினால் ஒவ்வொரு 500உம் மூன்று தடவை வந்து 3000. ஒரே பொருள், ஒரே கட்டணம் உள்ள பில்லில் ஒன்று பெருக்கல் ஒன்று என்பதால் சரியாக வந்துவிடுகிறது. டெஸ்ட் டேட்டா பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், அதனால்தான் இது பிடிபடாமல் தப்பிக்கிறது.

கவுன்டுக்கு டிஸ்டிங்க்ட்=ட்ரூ கொடுத்தால் ஆறு மூன்றாகிவிடும், அங்கே அது சரியான தீர்வு, ஏனென்றால் எண்ணப்படுவது ஐடி. அதையே சம்முக்கும் கொடுத்துவிடாதீர்கள். சம் வேறுபடுத்திப் பார்ப்பது ஐடியை அல்ல, தொகையை. இரண்டு தவணையும் 500 என்பதால் ஒன்றை நகல் என்று தள்ளிவிட்டு 500 என்று விடை சொல்லும். 3000 என்று வந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள், 500 என்று வந்தால் "இன்னும் 500 பாக்கி" என்று கட்டிமுடித்த வாடிக்கையாளருக்கே போன் போய்விடும்.

கூட்டலை ஜாயினுக்கு வெளியே எடுங்கள். முதலில் தொகை = கட்டணம்.ஆப்ஜெக்ட்ஸ்.ஃபில்டர்(பில்=அவுட்டர்ரெஃப்("பிகே")).ஆர்டர்_பை().வேல்யூஸ்("பில்").அன்னொடேட்(மொத்தம்=சம்("தொகை")).வேல்யூஸ்("மொத்தம்") என்று ஒரு குவெரிசெட். அப்புறம் பில்.ஆப்ஜெக்ட்ஸ்.அன்னொடேட்(எண்ணிக்கை=கவுன்ட்("பொருட்கள்"), கட்டியது=கோஅலெஸ்(சப்குவெரி(தொகை), 0)) என்று சேர்த்துவிடுங்கள். தொகை டெசிமல் ஃபீல்டாக இருந்தால் அந்த 0வையும் டெசிமலாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டைப் கலந்திருக்கிறது என்று எரர் வரும்.

நீளமாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. முதல் வேல்யூஸ்("பில்") தான் "பில் வாரியாகக் குழுவாக்கு" என்று சொல்வது. இரண்டாவது வேல்யூஸ் ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் வெளியே விடுகிறது. நடுவில் இருக்கும் காலி ஆர்டர்_பை() வரிசைப்படுத்தலை நீக்குகிறது, வேறொரு ஃபீல்டின் வரிசை ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் குழுவாக்கலில் நுழைந்து ஒரு பில்லுக்கே பல குழு வந்துவிடும். கோஅலெஸ் எதற்கென்றால், கட்டணமே வராத பில்லுக்கு சப்குவெரி பூஜ்யம் தராது, நல் (மதிப்பே இல்லை என்ற குறி) தரும், நல்லைக் கழித்தால் பாக்கியும் நல்.

எழுதி முடித்ததும் மூன்று பொருளும் இரண்டு சமமான தவணையும் உள்ள ஒரு பில், அப்புறம் கட்டணமே இல்லாத ஒரு பில் என்று டெஸ்ட் டேட்டா போட்டு ஓட்டிப் பாருங்கள். இந்த இரண்டு பில் போதும், மேலே சொன்ன மூன்று தப்பும் அதில் மாட்டும்.

கேள்வி: இவ்வளவு சுற்றி எழுதுவதற்கு நேரே எஸ்க்யூஎல்லிலேயே எழுதிவிட்டால் என்ன? ஓஆர்எம் எதற்கு?
(அனுபவமுள்ள வாசகர்)

பதில்: எஸ்க்யூஎல் தெரிந்தவர் கேட்கிற கேள்வி இது, நியாயமான கேள்வி. என் பதில்: எஸ்க்யூஎல்லை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், எழுதுவதை ஓஆர்எம்மிலேயே (மாடல்கள் வழியாக எழுதுவதை எஸ்க்யூஎல்லாக மாற்றித் தரும் பகுதி) எழுதுங்கள். ஓஆர்எம் உங்களுக்கு எஸ்க்யூஎல் தெரியாமல் இருக்க உதவும் கருவி அல்ல. மேலே வந்த எல்லாச் சிக்கலும் ஜாயின் என்ன செய்யும் என்று தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை, தெரியாதவருக்கு ஒரு நாள். ஆனால் ஒரு குவெரிசெட்டை ஒரு இடத்தில் தொடங்கி, அனுமதியைப் பொறுத்து இன்னொரு இடத்தில் ஃபில்டர் சேர்த்து, பக்கம் பிரிக்கும்போது ஸ்லைஸ் பண்ணி என்று துண்டு துண்டாகக் கட்டுகிற வசதி கையால் எழுதிய எஸ்க்யூஎல் சரத்தில் கிடைக்காது. ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் எந்தச் சரத்துக்குள் அது ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

பெரிய அறிக்கை, ரிகர்சிவ் குவெரி மாதிரி ஓஆர்எம்மில் வளைந்து வளைந்து எழுத வேண்டிய இடத்தில் தயங்காமல் எஸ்க்யூஎல்லுக்குப் போங்கள். அங்கே ஒரே நிபந்தனை: பயனர் கொடுத்த மதிப்பை எஃப் ஸ்ட்ரிங்கால் சரத்துக்குள் ஒட்டாதீர்கள். ரா() ஆனாலும் கர்சர் ஆனாலும் மதிப்புகளைத் தனி லிஸ்டாகப் பாராமீட்டராக அனுப்புங்கள், எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்ற ஓட்டை அந்த இடத்தில்தான் திறக்கிறது.

வேகம் போதவில்லை என்பதுதான் காரணம் என்றால், எஸ்க்யூஎல்லுக்கு மாறும் முன் குவெரிசெட்டின் பின்னால் .எக்ஸ்பிளைன்() போட்டு டேட்டாபேஸின் திட்டத்தைப் பாருங்கள், 2.1இலிருந்து இருக்கிறது. ஃபாரின் கீக்கு ஜாங்கோ தானாகவே இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அகராதி மாதிரி) போட்டுவிடும். நீங்கள் ஃபில்டர் பண்ணுகிற ஆண்டு, வகை மாதிரி ஃபீல்டுகளுக்குப் போடாது. இன்டெக்ஸ் இல்லாத குவெரியைக் கையால் எழுதினாலும் அது அதே மெதுவாகத்தான் ஓடும்.

கேள்வி: நான் லாரவெல், என் நண்பர் ரெயில்ஸ். எங்களுக்கும் இதே தொல்லைதானா?
(ஒரு வாசகர்)

பதில்: அதே தொல்லை, பெயர்கள் வேறு. லாரவெலில் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்) வித், ரெயில்ஸில் (ரூபி ஃபிரேம்வொர்க்) இன்க்ளூட்ஸ். லாரவெலின் வித் எப்போதும் தனிக் குவெரிதான் போடும், ஜாங்கோவின் பிரீஃபெட்ச் மாதிரி. ரெயில்ஸின் இன்க்ளூட்ஸ் சாதாரணமாகத் தனிக் குவெரி போடும், அந்த உறவின் மேல் நிபந்தனை வைத்தால் ஜாயினுக்கு மாறிக்கொள்ளும். எது நடக்க வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்க விரும்பினால் பிரீலோட், ஈகர்_லோட் என்று தனித்தனியாகவே இருக்கின்றன.

உங்கள் இருவரிடமும் நான் ஆசைப்படுகிற ஒரு வசதி இருக்கிறது. முன்கூட்டி எடுக்காத உறவை லூப்புக்குள் தொட்டால் சத்தமில்லாமல் குவெரி போகாமல் எரர் கொடுக்கச் சொல்லலாம். ரெயில்ஸ் 6.1இல் ஸ்டிரிக்ட்_லோடிங் என்று வந்தது, லாரவெலில் 2021இல் 8ஆம் வெர்ஷனிலேயே பிரிவென்ட்லேசிலோடிங் வந்துவிட்டது. லாரவெலில் அதை ஆப்சர்வீஸ்புரொவைடரின் பூட் மெத்தடில் ஒரு வரியாகப் போட்டு, புரொடக்‌ஷனில் மட்டும் அணைத்துவையுங்கள். பைதானிலேயே எஸ்க்யூஎல்ஆல்கெமி பயன்படுத்துபவர்கள் உறவில் லேசி="ரெய்ஸ்" என்று கொடுத்தால் இதே பலன். புதிய புராஜெக்ட் தொடங்குகிறீர்கள் என்றால் முதல் நாளே இயக்கிவிடுங்கள், இரண்டு வருடம் ஓடிய புராஜெக்டில் இயக்கினால் எல்லாப் பக்கமும் ஒரே நாளில் எரர் காட்டும், ஒவ்வொரு மாடலாகத்தான் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: எல்லாவற்றையும் சரிசெய்து 101 குவெரியை 2 ஆக்கிவிட்டோம். அடுத்த மாதமே யாரோ டெம்ப்ளேட்டில் எழுதியவரின் ஊரைச் சேர்த்தார்கள், மறுபடியும் ஐம்பது கூடிவிட்டது. இதற்கு முடிவே இல்லையா?
(ஒரு குழுத் தலைவி)

பதில்: டெம்ப்ளேட்டில் எழுதியவர்.ஊர்.பெயர் என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறவருக்கு, வியூவில் செலக்ட்_ரிலேட்டட்("எழுதியவர்__ஊர்") என்று நீட்ட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமென எதிர்பார்க்க முடியாது. அவர் வியூவைத் திறந்தே இருக்க மாட்டார். ஆகவே இதை ஆள் பார்த்துப் பிடிப்பதை விட்டுவிட்டு டெஸ்ட் பிடிக்கட்டும். ஜாங்கோவின் டெஸ்ட்கேஸில் அசெர்ட்நம்குவெரிஸ் இருக்கிறது: வித் செல்ஃப்.அசெர்ட்நம்குவெரிஸ்(2): என்று தொடங்கி அதற்குள் செல்ஃப்.கிளையன்ட்.கெட்("/") என்று பக்கத்தைக் கூப்பிடுங்கள். ஒரு குவெரி கூடினாலும் டெஸ்ட் விழும், விழும்போது ஓடிய குவெரிகளையும் வரிசையாகக் காட்டும்.

இதில் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். டெஸ்டில் ஒரே ஒரு கட்டுரையை உருவாக்கி ஓட்டினால், ஊர் சேர்ந்தபோது இரண்டு மூன்றாகும், "சரி, ஒன்றுதானே கூடியிருக்கிறது" என்று எண்ணை மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். குறைந்தது மூன்று கட்டுரை, வெவ்வேறு எழுதியவர்கள், ஆளுக்கொரு ஊர் என்று உருவாக்குங்கள். அப்போது இரண்டு ஐந்தாகும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் மூன்று கட்டுரையோடு ஒரு முறையும் பத்துக் கட்டுரையோடு ஒரு முறையும் ஓட்டி, இரண்டிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். லாகின் செய்த பயனருக்கான பக்கம் என்றால் செஷனுக்கும் பயனருக்கும் தனியாக இரண்டு குவெரி சேரும், அதையும் எண்ணில் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் ஓட்டத்திலேயே டெஸ்ட் விழுந்து, யாரோ ஒருவர் அதை ஸ்கிப் பண்ணிவிட்டுப் போய்விடுவார்.